ரோஸ் நிறக் கட்டங்கள்

ராத்தாவின் இடது காதுக்குரிய இயர்போன் எப்போதும் முக்காட்டுக்குள்ளேயே இருக்கும். வலது காதை எங்கள் பேச்சுக்காக விட்டுவைத்திருப்பார். கணினித் திரையை வாசித்துக் காட்டும் குரலை அவர் ஓடவிடும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. சட்டியில் கடுகு பொரிகிற மாதிரித்தான் கேட்கும். கல்முனையில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் இணையத்தள அலுவலகத்துக்கு, பார்வையில்லாத ஒருவர் வேலைக்கு வந்தது அதுவே முதல் தடவை. நாங்கள் கட்டும் பக்கங்களைக் காதால் கேட்டு, எங்கே தடக்குகிறது என்று சொல்வது அவர் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால், அக்கா முறை வைத்து ராத்தா என்றே கூப்பிடுவேன். வாய்த் துடுக்கும் அதே அளவுக்கு மூத்தது.

எங்கள் முதலாளி ஹாஜியாருக்குக் கட்டங்கள் என்றால் உயிர். படமோ முகவரியோ, எதுவானாலும் ஓர் அட்டவணை போட்டு அதற்குள் அடுக்கினால்தான் பக்கம் நேராக நிற்கும் என்பார். அப்படிக் கட்டிய முகப்பு ஒன்றில், மேலிருந்து கீழாக எத்தனை நிரல், குறுக்காக எத்தனை நிரை என்று குரல் முதலில் எண்ணிச் சொல்லக் கேட்டுவிட்டு ராத்தா சிரித்தார். "மூணு நிரல், நாலு நிரையாம். பெரிய கணக்கு ஒண்டு வரப்போகுது எண்டு காத்துக்கிட்டு இருந்தன். கடைசியில கடைப் பேரும் பூப்படமும்தான் இரிக்கி."

வரிசையாக அடுக்குவது வேறு, அட்டவணை வேறு என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். தொழுகை நேர அட்டவணையில் ஒரு நேரத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் அது ஒன்றும் சொல்லாது. மேலே லுஹர் என்று நண்பகல் தொழுகையின் பெயரும் பக்கத்தில் திகதியுமாக இரண்டு தலைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டால்தான் செய்தியாகும். அவற்றைத் தலைப்பு என்றே, பக்கத்தைக் கட்டும் குறிமொழியில் எழுதிவிட்டால், எந்தக் கட்டத்துக்குப் போனாலும் குரல் அவற்றையும் சேர்த்துச் சொல்லும். வெறுமனே தடித்த எழுத்தில் போட்டால் போதாது, தடிப்பு காதுக்குக் கேட்காது. இதெல்லாம் எனக்கும் படித்துத் தெரிந்ததுதான். ஆனால், பக்கத்தில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கும்போது தெரிந்துகொள்வது வேறு விதமாக இருந்தது.

பிறகு ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் பக்கம் கட்டினோம். மேலே கிழமைகள், பக்கத்தில் சிகிச்சைப் பிரிவுகள், உள்ளே மருத்துவர் வரும் நேரங்கள். தலைப்புகளெல்லாம் ஒழுங்காக இருந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் மருத்துவரிடம் போகுமுன் முதலில் கேட்பது பொம்புள டொக்டரா என்றுதான். ஹாஜியார் அதை மறக்கவில்லை. பெண் மருத்துவர் வரும் கட்டங்களுக்கெல்லாம் ரோஸ் நிறம் பூசச் சொன்னார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அன்று ராத்தா குரலின் வேகத்தைக் குறைத்திருந்தார். விரல் திரும்பத் திரும்ப ஒரே நிரையில், சத்திர சிகிச்சைப் பிரிவில், முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. சோதிப்பதற்கு ஒரு தடவை போதும். அவர் தனக்காகத் தேடுகிறார் என்று எனக்கு மெல்ல விளங்கியது. பெண்ணிடம் மட்டுமே காட்டக்கூடிய ஏதோ ஒரு நோவு. அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் ஆண்கள். வீட்டிலும் பார்த்துச் சொல்ல இருந்தது அவருடைய அண்ணன், காக்கா மட்டும்தான். விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஹாஜியார், இதுல பொம்புள டொக்டர் எப்ப வாறாங்க?" என்று அவரே கேட்டார்.

"அதுக்குத்தானே ரோஸ் கலர் அடிச்சிரிக்கி. பாத்தா ஆருக்கும் வெளங்கும் புள்ள."

"ஓம், பாத்தா வெளங்கும்."

சொல்லிவிட்டு ராத்தா இயர்போனைக் கணினியிலிருந்து கழற்றினார். குரல் அறை முழுக்கக் கேட்டது. சத்திர சிகிச்சை, செவ்வாய், நாலு மணி. சத்திர சிகிச்சை, வியாழன், நாலு மணி. ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இத மாத்து. நேரத்துக்குப் பக்கத்துலயே எழுத்துல வரட்டும். கலரும் இரிக்கட்டும், பாக்கிறாக்கள் பாக்கட்டும்."

மாற்றிக் கொடுத்தேன். வியாழன், நாலு மணி, பெண் மருத்துவர் என்றது குரல். ராத்தா அதற்கு அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. வியாழன் பின்னேரம் விடுமுறை கேட்டார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அந்த வியாழன் படியால் இறங்கி, ஓட்டோவைக் கைதட்டி நிறுத்தி, வெள்ளைப் பிரம்பை மடித்து வைத்துக்கொண்டு ஏறினார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறேன். சொன்னால் போதும், அட்டவணைகளைக் கணினியே கட்டித்தருகிறது. நான் இன்றும் கண்ணை மூடி ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன், இளசுகள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தை நினைத்தால் மனம் ஏங்குகிறது. ராத்தா குணமாகி நிந்தவூரில் சுகமாக இருக்கிறார். போன பெருநாளைக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் யாரும் கேட்காததை அதில்தான் அவராகச் சொன்னார்.

"அண்டைக்கி அந்த டொக்டர் முதல்ல கேட்டது, ஆரோட வந்தீங்க எண்டுதான் தம்பி. நான் தனியத்தான் வந்தன் எண்டு சொன்னன்."