போனில் கேட்டு எழுதியது

2024 ஓகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழும்பினேன். இரவு முழுக்க அடித்த கச்சான் காற்று முற்றம் நிறைய வேப்பஞ்சருகைக் கொட்டியிருந்தது. கூட்டி அள்ளினேன். ஐந்தரைக்கு இவரை எழுப்பித் தராசில் ஏற்றி நிறையைக் குறித்தேன். அன்றைக்கு இவர் குடிக்கக்கூடிய தண்ணீரைப் போத்தலில் அளந்து ஊற்றி மேசையில் வைத்தேன். காலைத் தேத்தண்ணீரும் மருந்து விழுங்குகிற மிடறும் அந்தப் போத்தலுக்குள் அடக்கம்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி நாலு வருடம். திங்களும் வியாழனும் வவுனியாவில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். புளியங்குளத்தில் வீதிக்கு ஏறினால் பஸ் இருக்கிறது, அதனால் பயணம் பெரிய சிரமமில்லை. இடைப்பட்ட நாட்கள்தான் சிரமம். குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கி, மூச்சை அடைக்கும். ஆகவே விடாய்த்து நாக்கு வறண்டாலும் கொடுக்க முடியாது. வயலில் நின்று ஒரு செம்பை ஒரே மூச்சில் குடித்துப் பழகிய மனிதர்.

இதையெல்லாம் நான் செய்வது வருடத்தில் ஒரு மாதம். மீதி மாதங்களில் செய்கிறவர் எங்கள் வளவிலேயே இருக்கும் இவருடைய தங்கை, என் மச்சாள். புருசனை இழந்தவர். நான் மாலைதீவில் ஒரு சின்னத் தீவில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எட்டு வருடமாகிறது.

நான் எழுதத் தொடங்கியதும் அங்கேதான். முதல் வருடம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் மாடு வந்தது. அந்தத் தீவில் மாடு கிடையாது. பிள்ளைகள் படத்தில் பார்த்ததோடு சரி. படுத்திருக்கும் மாடு எப்படி எழும்பும் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். மாடுகளோடு வளர்ந்த எனக்கு உடனே பதில் வரவில்லை. கண்ணை மூடி எங்கள் பட்டியை நினைத்தேன். முன்னங்கால் முழங்காலில் நிற்க, பின்பக்கம் முதலில் எழும்பும். அதைச் சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு அறைக்கு வந்த பிறகு அதையே தமிழில் எழுதிப் பார்த்தேன். என் முதல் கதை அதிலிருந்து வந்தது.

பிறகு எல்லாம் அப்படித்தான். பகல் இரண்டு மணிக்குப் பிறகு அங்கே எனக்கு வேலையில்லை. சமைக்க ஒரு ஆளின் சோறு, துவைக்க ஒரு ஆளின் உடுப்பு. எந்தப் பக்கம் நடந்தாலும் கால் மணித்தியாலத்தில் கடல் மறிக்கும். இரண்டு தொகுதிகள் எழுதினேன். எல்லாம் வன்னிக் கதைகள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் நாட்குறிப்பைத் தவிர ஒரு வரியும் வராது.

போன வருடம் ஒரு சஞ்சிகையில் வந்த கதைதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. சிறுநீரக நோயாளியான கணவனுக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கும் மனைவி தன் வாயால் சொல்கிற கதை. ஒரு மத்தியானம் அவன் நனைந்த துவாயைச் சுருட்டி வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பதை அவள் காண்கிறாள். ஒன்றும் பேசாமல் துவாயை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, அவன் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். கிளிநொச்சியில் ஒரு கூட்டத்தில் அந்த இடத்தைச் சொல்லி ஒருவர் கண் கலங்கினார். அனுபவித்தவர்தான் இப்படி எழுதலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அது மச்சாள் எனக்குப் போனில் சொன்னது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு எடுப்பேன். நிறை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, என்ன சாப்பிட்டார் என்று கேட்பேன். அன்றைக்கு மச்சாள் சொன்னது, "துவாயை வாங்கி வைச்சனான்" என்ற அளவில்தான். தலையைத் தடவியது நான் சேர்த்தது.

செவ்வாய் காலை தீவிலிருந்து பள்ளிக்கூட அதிபரின் செய்தி வந்தது. அடுத்த வருடத்துக்கு வருகிறேனா இல்லையா என்று புதன்கிழமைக்குள் சொல்லவேண்டும். குசினியில் மச்சாள் இவருக்கு ஆகாத உப்புச்சத்துப் போகட்டுமென்று பூசணியை அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப அவித்துக்கொண்டிருந்தார். நான் செய்தியைச் சொன்னேன். வழக்கமாக, போங்கோ மச்சாள், நான் இருக்கிறன்தானே என்பார். அன்றைக்கு அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு, தன்னால் இன்னொரு வருடம் ஏலாது என்றார்.

மகளிடம் போகப்போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"நான் அண்ணைக்கு அடிச்சனான், மச்சாள். அந்தத் துவாய் நாளிலை. கையாலை, கன்னத்திலை. அண்ணை அழுதது. அப்பாவின்ரை செத்தவீட்டிலையும் அழாத மனிசன்."

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். போனில் நிறையையும் வீக்கத்தையும்தான் நான் கேட்டிருக்கிறேன்.

சஞ்சிகை வந்தபோது இவரே அந்தக் கதையை மச்சாளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். சின்ன எழுத்து மச்சாளின் கண்ணுக்குத் தெரியாது. தலையைத் தடவும் இடம் வந்தபோது மச்சாள் தலையைக் குனிந்துகொண்டாராம். இவர் தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்து, நல்ல கதை என்று மூடி வைத்தாராம்.

"நான் பார்த்ததை நீங்கள் பார்த்ததெண்டு எழுதினியள். பரவாயில்லை. நான் அடிச்சதை ஆர் அடிச்சதெண்டு எழுதுவியள்?"

கோபமாகச் சொல்லவில்லை. பூசணியை வடித்துக்கொண்டுதான் சொன்னார். இன்னொருக்கால் அடித்துவிடுவேனோ என்று ஒவ்வொரு மத்தியானமும் பயமாக இருக்கிறது என்றார். எழுதுவதென்றால் அதையும் எழுதுங்கோ, என்னை ஒரு அம்மன் மாதிரி ஆக்காதேங்கோ என்றார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அப்போது நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். மணிக்கட்டில் நீராவி பட்டுச் சிவந்திருந்தது. அதை எந்தச் சொல்லால் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கத்தையும் எட்டு வருடத்தில் அந்தத் தீவு அறையில்தான் பழகினேன். தூரத்தில் அழும் ஒருவர் சொல்வதைக் கேட்டு, போனை வைத்தவுடன் மேசைக்குப் போகிற பழக்கம். இங்கே அவர் ஒரு கை தூரத்தில் நின்றார். நான் தொடவில்லை.

பின்னேரம் இவர் வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருந்தார். போத்தலில் இரண்டு மிடறு மிச்சம். இனி தீவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்ததைச் சொன்னேன்.

"ஏன்? அது உமக்கு நல்ல இடமெல்லே. எனக்கும் தோதான ஊர். சுத்திவரத் தண்ணி, ஒரு சொட்டும் குடிக்கேலாது."

சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். தங்கை சொல்லிவிட்டாளா என்று கேட்டார். ஓம் என்றேன். வீதியில் ஒரு லொறி போய் ஓய்ந்தது. அடித்தது பெரிய விசயமில்லை, அவள் பாவம் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இஞ்ச இருந்தா நீர் ஒண்டும் எழுதமாட்டீர். பாத்துக்கொண்டுதானே வாறன்."

எழுதாவிட்டால் என்ன என்றேன்.

"எழுதாட்டில் நான் இவ்வளவு காலமும் விடாய்ச்சுக் கிடந்தது சும்மா வீண்தானே."

மீதி இரண்டு மிடறையும் குடித்துவிட்டு, போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துளி வர நேரமெடுத்தது.

இரவுக்கு மூவரும் புட்டுச் சாப்பிட்டோம். நாங்கள் இருவரும் இவருக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை.

புதன்கிழமை விடிந்ததும் முதலில் அதிபருக்குப் பதில் அனுப்பினேன். இனி வரமாட்டேன், அறையில் இருக்கும் என் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். முகம் கழுவியது அதற்குப் பிறகுதான்.