மூட முடியாத வகுப்பு

ஐவிக்கு இருந்த ஒரே குறை, நாலு வருஷமாகியும் அவளுடைய வகுப்பை யாரும் மூடவில்லை என்பதுதான்.

அவள் தொண்டு செய்யும் அறக்கட்டளையில் வகுப்பு மூடப்படுவதுதான் வெற்றி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலை. பிள்ளைகளை எழுத்து, சொல், வரி, கதை என்று நாலு படிகளில் நிறுத்துவார்கள். ஒரு வகுப்பில் ஐந்தில் நாலு பேர் கதைப் படிக்கு ஏறிவிட்டால் அந்த வகுப்பு முடிந்தது. ஒரு விழா, ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. பிறகு புத்தகப் பெட்டி ஆட்டோவில் ஏறி, வகுப்பே இல்லாத வேறொரு தெருவுக்குப் போய்விடும். அடையாறு வகுப்பைப் பதினோரு மாதத்திலேயே மூடினார்கள். திருவான்மியூர்க்காரர்கள் இரண்டு முறை மூடிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் தேநீர்க் கூட்டத்தில் அவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து குழந்தை உளவியல் பேசுவார்கள். ஐவி கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசா தின்பாள்.

ஐம்பத்திரண்டு வயது. சாந்தோமில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, பிறந்த வீட்டிலேயே இன்னமும் இருப்பவள். அப்பா பவுல்சாமி கன்னியர் மட விடுதியில் சமையல்காரர். மகள் டீச்சராக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவளுக்கு அதைவிட ஆசை. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு முறை மனு போட்டும் மார்க் போதவில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தேறியதே பெரிய காரியம். மழைநாள் பற்றிய கட்டுரையை அர்த்தம் தெரியாமல் நெட்டுருப் போட்டு வைத்திருந்தாள். கேள்வித்தாளில் ரயில் பயணம் பற்றிக் கேட்டிருந்தார்கள். மழையையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். திருத்தியவர் இரக்கமுள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் லஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. இருபத்தாறு வருஷமாக அதேதான். கல்யாணம் ஒன்று கூடிவந்து கலைந்தது. அதைப் பற்றி அவளே பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம். நாலு மணிக்கு வேலை முடியும். ஐந்து மணிக்கு மாதா கோவில் மன்றத்தின் பின் அறையில் வகுப்பு. அந்த ஒன்றரை மணி நேரம் இருபத்திரண்டு பிள்ளைகள் அவளை மிஸ் என்று கூப்பிடுவார்கள். அதற்காகவே மீதி நாளை அவள் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னால் பொய்யில்லை.

இந்த வருஷம் தேர்வு அட்டை ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. எட்டு வரிக் கதை, படம் கிடையாது, உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். தேர்வு நாளன்றுதான் பிரிக்க வேண்டும் என்பது விதி. எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஐவி பிரித்தாள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். செல்லி என்ற எருமை, மழையில் கயிற்றை அறுத்துக்கொண்டு குளத்துக்குப் போகும் கதை. நன்றாக இருந்தது. நல்ல கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? ஒரு நாள் வாசித்துக் காட்டினாள். மறுநாளும் கேட்டார்கள். அந்த வாரம் நாலு முறை வாசித்திருப்பாள்.

தேர்வில் பத்தொன்பது பேர் கதைப் படிக்கு ஏறினார்கள்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்து, வரியின் கீழே விரல் வைத்து, தடங்கலில்லாமல் படித்தது. ஐவி அட்டையைப் பார்க்கவே இல்லை. தாளில் டிக் போடவே நேரம் சரியாக இருந்தது. ‘செல்லி மெல்ல’ என்ற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் நிறுத்தி, ‘ம்’ என்று சொல்லிவிட்டு, ‘குளத்தில் இறங்கியது’ என்று முடித்தார்கள். குறிப்புகள் என்ற கட்டத்தில் அவள், ‘பொருள் உணர்ந்து நிறுத்திப் படிக்கிறார்கள்’ என்று எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தனக்கென்று நூறு கிராம் அல்வா வாங்கிக்கொண்டாள்.

சேதி தெரிந்ததும் முதலில் ஓடிவந்தவள் அஸ்மத்துன்னிசா. லூப் ரோடுக்குப் பின்னால் இருக்கும் ஹவுசிங் போர்டு வீடுகளில் இரண்டாவது மாடியில் குடியிருப்பவள். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். கணவன் லாரியோடு பாதி நாள் வெளியூரில். அவளுக்குப் படிப்பு வாசனையே கிடையாது. அவள் மகள் மஹ்விஷுக்கு ஒன்பது வயது, பத்தொன்பதில் ஒருத்தி.

“ஐவிக்கா, உனுக்குத் தெரியாது நான் பட்ட பாடு” என்றாள். “எந்த லெட்டர் வந்தாலும் கீழ மெடிக்கல்ல முதஸ்ஸிர் பாய்கிட்டதான் குடுக்கணும். அவுரு கட முன்னாடி நின்னு சத்தமா படிப்பாரு. எங்க வூட்டு கத அவ்ளோவும் பிளாக்குக்கே தெரியும். இப்போ வீடு மாமியா பேர்ல கீது, அவுங்க செத்துப் பூட்டாங்க. வூட்டுக்காரர் பேருக்கு மாத்தச் சொல்லி எய்தி போட்டோம். நேத்து போர்டுலேர்ந்து பேப்பர் வந்துச்சு. நான் பாய்கிட்ட போவல. இவதான் படிச்சா. கடகடன்னு படிச்சா.”

“என்ன போட்டிருந்தாங்க?”

“மனு பார்த்துக்கினு கீறாங்களாம், அப்பால சொல்றாங்களாம். முந்தி வந்ததும் அதான். பாய் படிச்ச மாரியே கரீட்டா படிச்சா.”

இத்தனை வருஷத்தில் ஒரு தாய் ஐவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

விழா சனிக்கிழமை என்று முடிவானது. விருந்தினர் முன்னால் செல்லி கதையைப் படிக்க மஹ்விஷைத் தேர்ந்தெடுத்தாள். செவ்வாய்க்கிழமை மற்ற பிள்ளைகள் போன பிறகு அவளை மட்டும் நிறுத்தி ஒத்திகை பார்த்தாள். அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு, “ம், ஆரம்பி” என்றாள். மஹ்விஷ் விரல் வைத்து ஆரம்பித்தாள். “செல்லி ஒரு கறுப்பு எருமை. அதற்கு மழை என்றால் பிடிக்கும்...”

அன்றைக்கு டிக் போட வேறு தாள் எதுவும் இல்லாததால் ஐவி அட்டையைப் பார்த்தாள். அட்டை திரும்பிக் கிடந்தது. பின்பக்கம் இருந்தது பட்டம் விடும் பையனைப் பற்றிய இன்னொரு கதை. மஹ்விஷின் விரல் பட்டத்தின் மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. வாய் எருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. “செல்லி மெல்ல... ம்... குளத்தில் இறங்கியது.”

அந்த ‘ம்’ யாருடையது என்று ஐவிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வரிக்கு வரும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணாடி மூக்கில் வழுக்கும். அதை மேலே தள்ளிவிட்டு ‘ம்’ என்று சொல்லித்தான் அவள் தொடர்வாள். பத்தொன்பது பிள்ளைகளும் அவள் கண்ணாடியையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார்கள்.

“நல்லா படிச்சேனா மிஸ்?” என்றாள் மஹ்விஷ்.

அந்த முகத்தில் கள்ளமே இல்லை. படிப்பது என்றால் இதுதான் என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தது. ஐவிக்குத் தன் மேலேதான் கோபம் வந்தது. ரயிலைக் கேட்டால் மழையை எழுதியவளுக்கு, எருமையைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போர்டிலிருந்து வந்த அந்தக் கடிதம். முந்திய கடிதத்தை முதஸ்ஸிர் படித்த மாதிரியே படித்தாளாம்.

உடனே போயிருக்கலாம். போகவில்லை. ஒரு பிள்ளை அப்படியென்றால் எல்லோருமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை, தானே கைப்பட ஒரு புதுக் கதை எழுதி, பிள்ளைகளை ஒவ்வொருவராக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னாள். ஆறு பேர் படித்தார்கள். மற்றவர்கள் தாளைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். ஒருவன் மரியாதைக்குச் செல்லி கதையையே சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை டோக்கன் மேசையிலிருந்தே நிரஞ்சனுக்குப் போன் செய்தாள். அறக்கட்டளையின் களப்பொறுப்பாளர், முப்பது வயது இருக்கும், நல்ல பையன்.

“தம்பி, என் தாள் தப்பு. பத்தொன்பது இல்ல, ஆறு. உறையை நான்தான் முன்னாடியே பிரிச்சேன். வாசிச்சும் காட்டினேன்.”



“ஐவி மேடம், ரிப்போர்ட் மேல போயாச்சு. சால்வை வாங்கியாச்சு. இத விடுங்க, சிந்தாதிரிப்பேட்டைல நாப்பது பசங்க உங்க பெட்டிக்காக ரெண்டு மாசமா காத்துட்டிருக்காங்க. அவங்களுக்கு இந்த ஆறு பேர் அளவுக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுக்கல. நீங்க பேசாம இருந்தா அவங்களுக்கு வகுப்பு வரும்.”

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை. வெறும் பயத்தில் பேசியிருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பாள்.

“அவங்களுக்கு வேற பெட்டி பாருங்க தம்பி. இதுல பதிமூணு பிள்ளைங்க படிக்கத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகப் போகுது. அவங்க வீட்லயும் அப்படியே நெனப்பாங்க. ஆறுன்னு போடுங்க.”

“அப்படின்னா அடுத்த தேர்வு உங்ககிட்ட கொடுக்க மாட்டாங்க மேடம். வெளியாள்தான் வருவாங்க.”

“வரட்டும்” என்றாள். அடுத்தவருக்கு டோக்கனை நீட்டினாள். முன் வரிசைக்கு இனி தான் போகப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வகுப்புக்கு லீவு விட்டுவிட்டு நேராக அஸ்மத்துன்னிசா வீட்டுக்குப் படியேறினாள். ஏறும்போதே ஒரு வழி தோன்றியது. ‘சும்மாத்தான் வந்தேன், அந்த லெட்டரைக் காட்டு’ என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். மற்றதை ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம். வாசலில் அஸ்மத்துன்னிசா மடியில் ஒரு பச்சைச் சேலையைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஐவியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வா ஐவிக்கா. சனிக்கெழம இன்னா சேல கட்டிக்கினு வர்றதுன்னுதான் ரோசன பண்ணிக்கினு கீறேன்.”

அதற்குப் பிறகு ஐவியால் சும்மா வந்ததாகச் சொல்ல முடியவில்லை.

“மஹ்விஷுக்கு இன்னும் படிக்க வரல அஸ்மத்து. கதைய நான் வாசிச்சதக் கேட்டு அப்படியே சொல்லியிருக்கா. தப்பு அவளுது இல்ல, என்னுது. அந்த போர்டு பேப்பரக் குடு, நான் பாக்கறேன்.”

அஸ்மத்துன்னிசா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். உள்ளே போய், டிவிக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். கதவுக்குப் பின்னால் மஹ்விஷ் நின்றிருந்தாள்.

ஐவி வாசித்தாள். பெயர் மாற்ற மனு தொடர்பான அசல் ஆவணங்களுடன் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் நேரில் வர வேண்டும். வரத் தவறினால் மனு தள்ளுபடியாகும். பதினான்காம் தேதி என்பது மறுநாள்.

“நாளைக்கா?” என்றாள் அஸ்மத்துன்னிசா.

“நாளைக்குத்தான். இறப்புச் சான்றிதழ், ஒதுக்கீட்டு ஆர்டர், ரேஷன் கார்டு. வேணும்னா நானும் லீவு போட்டுட்டு வர்றேன்.”

அஸ்மத்துன்னிசா தலையாட்டினாள். கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, “தோ வரேன்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். எங்கே போகிறாள் என்று ஐவி மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தாள். மெடிக்கல் கடை முன்னால் முதஸ்ஸிர் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கடிதத்தைப் பிரித்து, வழக்கம்போல் பிளாக்குக்கே கேட்கும்படி படித்தார். அசல் ஆவணங்களுடன், வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்குள். ஐவி படித்ததேதான், ஒரு எழுத்து மாறவில்லை.

ஐவிக்கு அது வலித்தது. பத்து நாள் முன்னால் தன் கையைப் பிடித்துக்கொண்டவள், இன்று தன் வாசிப்பையே இன்னொருவரிடம் சரிபார்க்கப் போனாள். ஆனால் அவளைக் குறை சொல்ல ஐவிக்கு வாய் இல்லை.

வெள்ளிக்கிழமை அஸ்மத்துன்னிசா தனியாகவே போய், காகிதங்களைக் கொடுத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை விழா நடக்கவில்லை. சால்வை என்ன ஆனதோ தெரியாது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மஹ்விஷ் வந்தாள், கூடவே அவள் அம்மாவும். பின் அறையின் வாசலில் தையலோடு உட்கார்ந்துகொண்டு, மடித்த கடிதத்தை மகளிடம் நீட்டினாள்.

“இதயே படிக்க வை ஐவிக்கா. எம்மா நேரமானாலும் சரி. நான் இங்கதான் குந்திக்கினு கீறேன்.”

மஹ்விஷ் முதல் வார்த்தையின் கீழே விரலை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, வழக்கம்போல் ஐவியின் வாயைப் பார்த்தாள். ஐவிக்கு அந்த வரி முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடியும் வழுக்கியது. அவள் அதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறரை மணிக்குள் அந்தப் பிள்ளை ஒரு வரியைப் படித்து முடித்தது.