பதினேழாம் இலக்கத்து நீதிபதி

புல் வெட்டும் மெஷினின் பெற்றோலும் அறுபட்ட புல்லின் சாறும் கலந்து எழுகிற மணம் எங்கே அடித்தாலும் எனக்குப் பசிக்கும். வெட்கக்கேடான பசி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் மொன்ட்ரியாலின் கிழக்கே ஒரு சவக்காலையில் வேலை செய்தேன். கோடையில் புல், மாரியில் பாதைகளின் பனி. மதியச் சோற்றைக் கல்லறைகளில் சாய்ந்திருந்துதான் தின்றேன். அதனால் அந்த மணம் மூக்கில் ஏறியதும் வயிறு இன்றைக்கும் பன்னிரண்டு மணி என்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த அக்காவின் முகம் வரும். வயிறு முந்தும், முகம் பிந்தும்.

அங்கே பெரிய மனிதர்கள் கிடந்தார்கள். அவர்களைத் தேடி வருகிறவர்களுக்காக வாசல் அறையில் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார்கள். மடித்த தாள், உள்ளே ஒரு வரைபடம், அதில் முப்பத்திரண்டு இலக்கங்கள். இரண்டு மேயர்கள். ஒரு ஹொக்கி வீரர். பியானோ செய்து விற்ற ஒருவர். கடைசிக் காலத்தில் யாரோடும் பேசாமல் செத்துப்போன ஒரு பாடகி. பதினேழாம் இலக்கம் ஒரு நீதிபதி. தூக்குத் தீர்ப்பு எழுதும்போது கை நடுங்காதவர் என்று அந்தத் தாளே பெருமைப்பட்டது. இலக்கம் உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும். இலக்கம் இல்லாதவர்களுக்கு மாதம் ஒருமுறை. பின்வேலி ஓரமாகக் குழந்தைகளின் பகுதி இருந்தது. அங்கே, நேரம் மிஞ்சினால். எங்களை மேய்க்கிற போர்மன் முதல் நாளே விரல்விட்டுச் சொல்லித்தந்த சட்டம் இது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்தத் தாளில்தான் இருந்தது. முப்பத்திரண்டு பேரையும் மனப்பாடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அகதி வழக்கு முடியாத பொடியளைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டினேன். அவர்கள் மேயரின் சிலையின் தோளில் கை போட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்த நகரத்தில் எனக்கு நெருக்கமான பெரிய ஆட்கள் எல்லோரும் செத்தவர்கள் என்று சொல்லிச் சிரிப்பேன். சிரிப்பில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்றாம் மாடியில், ஊர்க்காரக் குடும்பமொன்றின் வீட்டில் ஓர் அறை எனக்கு. அண்ணை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அக்காவுக்கு என்னைவிட மூன்று வயது கூட. அவர்களுடைய முதல் குழந்தை, பதினெட்டு நாள் இருந்த பெண், ஜனவரியில் ஒரு காலை மூச்சில்லாமல் கிடந்தது.

பல் முளைக்காத பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் கூட வருவதும் இல்லை. அக்கா வாசற்கதவோடு நின்றுகொண்டார். அண்ணையும் நானும் என் வேலைத்தலத்துக்கே பெட்டியைக் கொண்டுபோனோம். அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, அந்த மாதத்தில் மண் இரும்பு என்று. பெட்டிகளை ஒரு குளிர் அறையில், தட்டுத் தட்டாக அடுக்கிவைப்பார்கள். பனி கரைந்து மே மாதம் வந்ததும் ஒவ்வொன்றாகப் புதைப்பார்கள். இலக்கக்காரர் வீட்டுச் சாவு என்றால் மட்டும் மண்ணைச் சூடாக்கித் தோண்ட ஒரு மெஷின் வரும். இதை நான் அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"இவளிட்டை என்னெண்டு சொல்லுறது? அலுமாரித்தட்டிலை வைச்சிட்டு வந்தனான் எண்டோ?"

நான் ஜாக்கெட்டுக்குள் இருந்த பிரசுரத்தை எடுத்து அவர் மடியில் விரித்தேன்.

"பதினேழுக்குப் பக்கத்திலை தாட்டாச்சு எண்டு சொல்லுங்கோ அண்ணை. அங்கை முக்காடு போட்ட ஒரு பொம்பிளைச் சிலை இருக்கு, தலையைக் குனிஞ்சபடி. அக்காவுக்குப் பிடிக்கும்."

அவர் அந்த இலக்கத்தின் மேல் விரலை வைத்தார். பெரிய ஆக்களுக்குப் பக்கத்தில்தானே, நல்லதுதான் என்று முணுமுணுத்தார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஆழமாகத் தோண்டினார்களா, நாய் நரி கிண்டாதா என்று. ஆழம்தான் என்றார் அண்ணை. நானும் தலையாட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் குளியலறையில் தண்ணீர் திறந்து திறந்து மூடும் சத்தம். அக்கா கட்டிப்போன பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பிரசுரத்தின் புது வரிகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

மே மாதம், புதைக்கும் நாளைச் சொல்லிச் சவக்காலையிலிருந்து கடிதம் வந்தது. அண்ணை அதைக் கிழித்துவிட்டு, அன்றைக்குத் தனக்கு வேலை, நீயே பார்த்துச் செய் என்றார். நானும் இன்னொருவனும் ஒரே காலையில் பதினாறு சின்னப் பெட்டிகளைப் புதைத்து முடித்தோம். எங்களுடைய பெட்டி கைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது. ஒரு கணம் நின்றேன். பின்னால் போர்மன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இலக்கம் எழுதிய ஒரு மரமுளையை அடித்தோம்.

ஜூன் வந்ததும் அக்கா என்னிடம் வந்து, வழக்கம் கிடக்கட்டும், தனக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சமையலறைக்குள் நின்ற அண்ணை என்னைப் பார்த்தார். மறுநாளே கூட்டிப்போனேன். வழியில் ஹொக்கி வீரரைக் காட்டினேன், பாடகியைக் காட்டினேன், வாய் ஓயவில்லை. ஈரப்புல் வழுக்கியது, அவருடைய கையைப் பிடித்து நடத்திப்போய் நீதிபதியின் முன்னால் நிறுத்தி, சிலையின் காலடியைக் காட்டினேன். அவர் சிலையின் முக்காட்டைத் தடவினார். பிறகு கால்களை மடக்கி இருந்து, ஒரு போத்தலைத் திறந்து, தூக்குத் தீர்ப்பு எழுதியவரின் நெஞ்சுக்கு மேலே பால் ஊற்றினார்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். பால், ஒரு பிஸ்கட், ஒருமுறை பின்னிய காலுறை. திங்கட்கிழமைகளில் பால் புளித்து எறும்பு மொய்த்துக் கிடக்கும். நீதிபதியின் பேரப்பிள்ளைகள் முறையிட்டார்கள். துப்புரவாக்குவது என் பொறுப்பு என்றார் போர்மன். கூட வேலை செய்தவர்கள், உங்கள் ஊரில் செத்த நீதிபதிகளுக்குப் பால் பருக்குவீர்களா என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காலுறையைக் குப்பை வண்டிக்குள் எறிந்தவன் நான்தான்.

பின்வேலியில் அந்தக் கோடை புல் இடுப்பளவு ஏறியது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, முளைகளைச் சுற்றிச் சுற்றி வெட்டப் பொறுமை இல்லாமல், பெரிய மெஷினை நேராக விட்டேன். முளைகள் தீக்குச்சி முறிவதுபோல முறிந்தன. பதிவேட்டில் இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்துக்கு நிலத்தில் இடம் இல்லாமல் போயிற்று. நான் யாருக்கும் சொல்லவில்லை. அன்று நேரத்தோடு வேலை முடிந்தது.

செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் நீதிபதியின் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து நின்றார். கையில் வழக்கமான பை. அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து நேராக வந்திருந்தார்.

"தம்பி, வகுப்பிலை டீச்சர் பனிக்காலத்தைப் பற்றிக் கதைச்சவ. ஜனவரியிலை இஞ்சை ஒருத்தரையும் புதைக்கிறேல்லையாம். மெய்யே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணையிடம் கேளுங்கோ என்று சொல்லிப் பின்வாங்கியிருக்கலாம். என் கையில் தூரிகை, முழங்கையில் புளித்த பால் நாற்றம், தூரத்தில் போர்மன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மூன்று மாதத் திங்கட்கிழமைகளின் எரிச்சல் எல்லாம் என் நாக்கில் வந்து குந்தியது.

"மெய்தான். இதுக்குக் கீழை உங்கடை பிள்ளை இல்லை அக்கா. இவ்வளவு நாளும் ஒரு கிழட்டு நீதிபதிக்குப் பால் வாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

சொல்லும்போது சுகமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவர் சிலையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தார்.

"அப்ப அந்த நாலு மாசமும்?"

"குளிர் அறையிலை. தட்டிலை."

"மேல்தட்டோ, கீழ்த்தட்டோ?"

"கீழ்த்தட்டு" என்றேன். அவர் ஏதோ கணக்குச் சரிவந்தவர்போலத் தலையாட்டினார். கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவில்லை. நான் நடந்தேன், அவர் பின்னால் வந்தார்.

பின்வேலி ஓரம் புல் ஒட்ட வெட்டப்பட்டு, ஒரே தகடாகக் கிடந்தது. எது என்றார். இந்த இரண்டு வரிசையில், பதினாறில் ஒன்று என்றேன். அடையாளம் ஒன்றும் வைக்கவில்லையா என்றார். முளை அடித்தது, நான்தான் மெஷினால் முறித்துவிட்டேன் என்றேன். அவர் பையிலிருந்து போத்தலை எடுத்தார். முதல் வரிசையின் ஒரு முனையிலிருந்து, ஏறக்குறைய ஒவ்வொரு தலைமாடு இருக்கக்கூடிய இடத்திலும் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்றாவதோடு பால் முடிந்தது. போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். மற்ற ஐந்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். அன்று பின்னேரம் என் உடுப்புப் பெட்டியை நண்பன் ஒருவன் போய் எடுத்துவந்தான். அந்த மூன்றாம் மாடிப் படியில் நான் மறுபடி ஏறவில்லை. அண்ணை அவரிடம் என்ன சொன்னார், அவர் அண்ணையிடம் என்ன கேட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தது பஸ் வந்து கதவு திறந்தபோது அவர் சொன்னது மட்டும். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். குரல் உயரவில்லை.

"அவர் பொய்தான் சொன்னவர், தம்பி. நீர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனீர்."