ஜோடித் துப்பாக்கியும் ஒரு குங்குமக் கறையும்

அந்தத் துப்பாக்கி ஜோடியை நானும் என் நண்பரும் சேர்ந்துதான் ஏலத்தில் எடுத்தோம். பிழைக்க வந்த இந்த அயல்நாட்டு நகரத்தில், எல்லர்ஸ்லி பகுதியில் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் யாழ்ப்பாணம், நான் மதுரைக்காரன். பழைய ஆயுதங்கள் மேல் இருவருக்கும் ஒரே கிறுக்கு. மஹோகனிப் பெட்டிக்குள் பச்சைக் கம்பளித் துணி விரித்து, தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தன இரண்டு கைத்துப்பாக்கிகள். சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி பறக்கும் ரகம். மானம் போனதென்று இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வதற்காகச் செய்தவை. யாருக்கும் அநியாயம் ஆகிவிடக் கூடாதென்று எடை, பிடி, விசை எல்லாவற்றிலும் இரண்டையும் ஒன்றுபோலவே செய்திருந்தான் அந்தத் தொழிலாளி. வெயிலில் பளபளத்துக் கண் கூசக் கூடாதென்று குழலுக்குப் பழுப்பேற்றியிருந்தான். கொலைக்கருவியில் இவ்வளவு நேர்மையா என்று எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். பெட்டி மட்டும் பிளாட் புஷ் பகுதியில் என் வீட்டில். ஆயுத பூஜைக்கு அவர் வெஸ்ட்கேட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தன்னுடையதை எடுத்து வருவார். அன்று ஜோடி சேரும். பிரித்து விற்பதில்லை என்று பேச்சு.

முதல் வருஷம் நான் ஒரு மடத்தனம் செய்தேன். மிக்ஸிக்கும் காருக்கும் வைப்பதுபோல, விருந்தாளிக்கு முதல் மரியாதை என்று அவருடைய துப்பாக்கியின் குழலில் ஈரக் குங்குமத்தை அப்பிவிட்டேன். மறுநாள் துடைத்தால் பழுப்பை அரித்து விரல்நுனி அளவுக்குக் கறை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் குங்குமச் சிமிழைத் திறந்தாலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"இரும்பில வைக்காதையும். பெட்டியில வையும்."

போன ஆயுத பூஜைக்கும் வந்தார். அவர் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கியதுமே எடை குறைவென்று கைக்குத் தெரிந்துவிட்டது. குழலைத் திருப்பிப் பார்த்தேன். கறையைக் காணோம்.

"அந்தக் கறை எங்க போச்சு?" என்றேன்.

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சன். போயிட்டுது."

கறையைத் தேய்த்து எடுத்தால் பழுப்பும் கூடவே போய்விடும், அடியில் வெள்ளை இரும்பு தெரியும். இதிலோ பழுப்பு புத்தம்புதிதாக, ஒரே சீராக இருந்தது. இது நகல். அசலை யாரிடமோ தள்ளிவிட்டு, எனக்கு என்ன தெரியப்போகிறது என்று என் வீட்டுச் சாமி முன்னால் இதைக் கொண்டுவந்து வைக்கிறார். விற்றதையாவது பொறுத்துக்கொள்வேன், என்னை முட்டாளாக்கப் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இருந்தாலும், நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று ஒரு நப்பாசை. இரண்டையும் பெட்டிக்குள் வைத்தேன். குங்குமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அவர் கொண்டுவந்த துப்பாக்கியின் குழலை நோக்கி விரலை மெதுவாகக் கொண்டுபோனேன். பழைய கறை இருந்திருக்க வேண்டிய அதே இடம். அசலென்றால் பதறி என் மணிக்கட்டைப் பிடிப்பார், பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கும்பிட்ட கைகளைப் பிரிக்கவேயில்லை. நான் பொட்டை வைத்தேன்.