கைதட்டலுக்கு எழுதிய அசன் முகம்மது

அசன் முகம்மதுவின் தாடையை உடைத்தவர்கள் அவருடைய வாசகர்கள்தாம். தொண்ணூற்றிரண்டு தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய நடிகரின் படத்தைப் பற்றி அவர் எழுதியதை, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அடிக்க வந்திருந்தார்கள்.

அசன் பேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியை முடித்ததும் ஜங்ஷனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. அந்த அச்சகத்து முதலாளி ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். அதன் கடைசிப் பக்கத்தில் அசன் சினிமா விமரிசனம் எழுதத் தொடங்கினார். படம் பார்க்கப் போனால் பாதி நேரம் திரையைப் பார்ப்பார், மீதி நேரம் பார்ப்பவர்களைப் பார்ப்பார். விசில் எங்கே கிளம்புகிறது, பெண்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள், முறுக்கு விற்கிறவன் எந்தக் காட்சிக்குத் தட்டோடு நின்றுவிடுகிறான் என்பதெல்லாம் அவர் கட்டுரையில் வந்துவிடும்.

அந்தத் தீபாவளிப் படத்தைப் பற்றி அவர் எழுதியது இதுதான்: "கதாநாயகன் வெட்டிச் சாய்க்கும் ஒருவனுக்கும் தாய் கிடையாது. எந்தப் பிணத்தையும் தேடி யாரும் வருவதில்லை. அடுத்த பாட்டுக்குள் தரையைக் கழுவிவிடுகிறார்கள்."

பத்திரிகை வந்த மறுநாள் மதியம், அச்சகத்துக்குப் பின்னால் கை கழுவப் போனவரை ரசிகர் மன்றத்துப் பையன்கள் சுற்றிக்கொண்டார்கள். மன்றத்தின் செயலாளர் முத்துமாலை. பேட்டையில் மரக்கடையில் சுமை தூக்குகிறவன், நல்ல உடம்பு. "தலைவரப் பத்தி எழுதுன வாய் இதுதானாலே?" என்று கேட்டான். எழுதியது கை என்று சொல்ல அசன் வாயைத் திறந்தார். சைக்கிள் செயின் குறுக்காக விழுந்தது. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. பற்கள் நாக்கின் மேல் உதிர்ந்தன.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தபோது காசிலிங்கம் பார்க்க வந்தார். மரக்கடை அவருடையது, ரசிகர் மன்றத்துக்குப் பந்தலும் பானரும் போட்டுக் கொடுப்பவரும் அவர்தான். கட்சியில் மேலே வரத் துடித்துக்கொண்டிருந்தார். முத்துமாலையைக் கூடவே இழுத்து வந்திருந்தார்.

"மன்னிப்புக் கேளுலே" என்றார். முத்துமாலை தலையைக் குனிந்து ஏதோ முனகினான்.

பிறகு காசிலிங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். "வே, நானும் பத்து வருசமா மேடையில கத்துதேன். ஒருத்தன் எந்திரிச்சு வேட்டிய மடிச்சுக் கட்டுனது கெடையாது. நீரு நாலு வரி எழுதுனீரு, இவனுவ செயினத் தூக்கிட்டு ஓடுதானுவ. அந்த எழுத்து எனக்கு வேணும். போலீசுல கொடுத்தத வாபஸ் வாங்கிட்டு நம்மகிட்ட வந்திரும்."

அசன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்தபோது அச்சகத்தில் வேலை இல்லை, முதலாளி பயந்துபோயிருந்தார். தாடை ஆறினாலும் பேச்சு பழையபடி வரவில்லை. சொற்கள் குழைந்து வெளிவந்தன. மளிகைக் கடையில் பருப்பு கேட்டால்கூட இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தவர் போலீஸ் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு மரக்கடைக்குப் போனார்.

காசிலிங்கத்துக்கு எழுதிக் கொடுத்த முதல் பேச்சிலேயே அசனுக்கு அது பிடிபட்டுவிட்டது. கதாநாயகன் தோன்றும் காட்சிபோல ஒரு தொடக்கம். நடுவில் ஒரு தங்கச்சி, ஒரு கண்ணீர். அப்புறம் எதிரியின் பெயரைச் சொல்லாமல் ஒரு நிறுத்தம். எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூடத் தாளில் கோடு போட்டுக் கொடுப்பார். மரக்கடையில் தேக்குத் தடிகளுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். முத்துமாலைதான் கூட்டம். "இங்கன விசில் பறக்கும் பாய்" என்பான். அவன் சொன்ன இடத்தில் மேடையில் விசில் பறக்கும். பருப்பு கேட்க முடியாத தன் வாயிலிருந்து வராத சொற்களுக்கு ஆயிரம் பேர் கை தட்டுவதைக் கூட்டத்தின் கடைசியில் நின்று அசன் கேட்பார். உடம்பு சிலிர்க்கும்.

தாடையை உடைத்தவனே அவருக்குத் துணையாகிப் போனான். டீ வாங்கி வருவான், சைக்கிளில் வீட்டில் கொண்டு விடுவான். "குளிருக்கு இன்னும் வலிக்குதா பாய்?" என்று ஒருநாள் கேட்டான். வலிக்கும் என்றார் அசன்.

அசனின் மனைவி மைதீன் பாத்திமாவுக்கு அந்த வேலை கடைசிவரை பிடிக்கவில்லை. காசிலிங்கத்தின் பேச்சைக் கேட்டுவிட்டுக் கிளம்பிய கூட்டம் ஒரு தடவை பஸ் நிலையத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவனின் மண்டையை உடைத்தபோது அவள் சொன்னாள்: "தாயில்லாப் பொணம்னு சினிமாக்காரன ஏசுனிய. இப்ப அந்த வேலைய நீங்கள்லா செய்யுதிய?" அசன் சாப்பிட்டு எழுந்து ஒத்திகைக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வார்டு உறுப்பினர் பதவிக்குக் காசிலிங்கம் நின்றார். எதிர்த்து நின்றவர் சிவசண்முகம், லாரி வைத்திருந்தவர். பேட்டைத் தொழிற்பேட்டையில் பாத்திமாவின் தம்பி தாவூது ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். சிவசண்முகத்துக்கு இரும்பு மேடை செய்து கொடுத்தவன் அவன். அவனுக்கு அது வேலை, அவ்வளவுதான்.

ஒரு நாள் விடியலில் காசிலிங்கத்தின் அலங்கார வளைவு ரோட்டில் சாய்ந்து கிடந்தது. காற்றில் விழுந்ததா, கயிற்றை அறுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலக் கூட்டத்துக்கு அசன் ஒரு வரி எழுதினார்: "நம் வளைவைச் சாய்த்த கை எதுவோ, அந்தக் கை இனி இன்னொரு கயிற்றை அறுக்காது." முன்னால் ஒரு நிறுத்தம். பின்னால் ஒரு நிறுத்தம்.

காசிலிங்கம் அதை அழகாகச் சொன்னார். கூட்டம் எழுந்து நின்றது. "மேடைக்கு இரும்படிச்சவன்தான் அறுத்தான்" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் முடிவதற்கு முன்பே முத்துமாலையும் மூன்று பேரும் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டார்கள்.

தாவூது கிரைண்டரில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்ததால் அவர்கள் வந்தது கேட்கவில்லை. இரண்டு பேர் அவனைப் பிடித்து வலது கையை இரும்பு மேசையில் வைத்து அழுத்தினார்கள். முத்துமாலை அரிவாளை ஓங்கினான். முதல் வெட்டு எலும்பில் நின்றுவிட்டது. இரண்டாவது வெட்டில் கை மணிக்கட்டோடு துண்டாகி இரும்புத்தூளில் விழுந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தாவூதையும், ஒரு பாலித்தீன் பையில் அந்தக் கையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கையைப் பொருத்த முடியவில்லை.

வார்டு வாசலில் அசனைப் பாத்திமா உள்ளே விடவில்லை. அவளுடைய சேலை முழுக்கத் தம்பியின் ரத்தம்.

"வெட்டும்போது என்ன சொன்னான் தெரியுமா? இந்தக் கை இனி இன்னொரு கயித்த அறுக்காதுன்னு சொன்னானாம். ஒங்க வரி. எழுத்து மாறாம சொல்லியிருக்கான்."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியோடு அவன் வீட்டுக்கே போய்விட்டாள்.

அந்த வாரமே சிவசண்முகத்தின் ஆட்கள் ரயில்வே கேட் அருகே முத்துமாலையின் பைக் மேல் நாட்டு வெடிகுண்டை வீசினார்கள். கீழே விழுந்தவன் எழுந்து ஓடினான். துரத்திப் போய் முதுகிலும் கழுத்திலும் வெட்டினார்கள். கேட் மூடியிருந்ததால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசிலிங்கம் ஆள் அனுப்பி அசனைக் கூப்பிட்டார். "இரங்கல் பேச்சு எழுதும்வே. கேக்கவன் அழவும் செய்யணும், போற வழியில எரிக்கவும் செய்யணும். பயலுவ பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி வச்சிருக்கானுவ."

அசன் சரி என்றார். நேராக முத்துமாலையின் வீட்டுக்குப் போனார். அவனுடைய தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசன் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகன் அவரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான். அவள் கேட்டாள்:

"அவன் வெட்டுனானாமே, அந்தப் பிள்ள பொழச்சிட்டானா அய்யா?"

"பொழச்சிட்டான்மா" என்றார் அசன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் பிணம் கிளம்பும் முன் தெருமுனையில் கூட்டம் நடந்தது. காசிலிங்கம் எப்போதும் ஒத்திகை பார்க்காமல் மேடையேற மாட்டார். அன்று போலீஸ் அவசரப்படுத்தியதால் நேரம் இல்லை. மேடைப் படியில் வைத்துத்தான் அசன் தாளைக் கொடுத்தார். காசிலிங்கம் மைக்கைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார்.

"இங்கே கிடப்பவன் என் மகன் மாதிரி. இவன் முதுகில் விழுந்த வெட்டுகளை இவன் தாய் பார்த்தாள். நேற்று அந்தத் தாய் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் மகன் வெட்டிய பிள்ளை பிழைத்துவிட்டானா என்று கேட்டாள்."

கூட்டம் அசையவில்லை. காசிலிங்கத்தின் கண் அடுத்த வரிக்குப் போயிற்று. "அந்தத் தாய் கேட்டதை நாம் கேட்கவில்லை. பாட்டிலோடு வந்திருப்பவர்கள்..." அங்கே நிறுத்திவிட்டார். தாளைக் கசக்கினார். சொந்தமாகப் பேசப் பார்த்தார். "முத்துமாலை... நம்ம முத்துமாலை... நம்ம விடக்கூடாது..." அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அந்த இடைவெளியில் முத்துமாலையின் தாய் வாய்விட்டு அழுதாள். ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள். போகிற வழியில் சிவசண்முகத்தின் லாரி ஷெட்டில் கல் விழுந்தது, ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. தீ வைக்க யாரும் போகவில்லை.

மறுநாள் காலை அசனை மரக்கடைக்குள் இழுத்துப் போட்டு, காசிலிங்கம் தன் கையாலேயே ரீப்பர் கட்டையால் அடித்தார். விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. "நன்றி கெட்ட நாயே, ஒன் வாய்க்கு நான்லாலே குரல் கொடுத்தேன்!" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். கேட்டுக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். அசன் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போலீஸ் நிலையத்துக்குப் போனார். அடித்ததைப் பற்றி அவர் புகார் கொடுக்கவில்லை. தாவூதின் வழக்கில் தன் பெயரையும் காசிலிங்கத்தின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

"பேச்சு எழுதுனதுக்கு என்ன செக்‌ஷன்வே போட?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். பிறகு தூண்டிவிட்டதாகப் போட்டார்கள்.

பாளையங்கோட்டைச் சிறையில் சில வாரம் இருந்துவிட்டு அசன் ஜாமீனில் வந்தார். தேர்தலில் காசிலிங்கம் தோற்றிருந்தார். ஆனால் வழக்கு நிற்கவில்லை. வெட்டியவன் இறந்துவிட்டான், கூடப் போனவர்கள் யாரென்று நிரூபிக்க முடியவில்லை, மேடையில் எந்தப் பெயரும் சொல்லப்படவில்லை என்று எல்லாரையும் விடுதலை செய்தார்கள். கோர்ட்டில் அசன் தன் குழைந்த பேச்சில் "நான்தான் எழுதினேன்" என்று சொன்னதை நீதிபதி மூன்று முறை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. தாவூது அதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அசன் பக்கம் திரும்பவில்லை.

அசன் மறுபடி ஓர் அச்சகத்தில் சேர்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தினார். சினிமாவுக்குப் போகவில்லை. தொண்ணூற்றெட்டில் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் தாவூது அச்சகத்து வாசலில் வந்து நின்றான். சட்டையின் வலது கை மடித்து ஊக்குப் போட்டிருந்தது.

"மச்சான், ஒங்கள மன்னிக்க எனக்கு மனசு வரல. வரும்னும் சொல்லமாட்டேன். என்கூடப் பொறந்த ராத்தா தனியாக் கெடந்து அழுதுகிட்டே இருக்கா. நாளைக்குச் சாப்பிட வாங்க."

பெருநாள் அன்று தாவூதின் வீட்டில் பிரியாணியைச் சகன் தட்டுகளில் வைத்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். தாவூதுக்கு மட்டும் மூலையில் தனித் தட்டு. இடது கையால் சாப்பிட வேண்டியிருந்ததால், கை போனதிலிருந்து அவன் யாரோடும் சேர்ந்து உட்காருவதில்லை. பாத்திமா வாசல்படியில் நின்று கணவனைப் பார்த்தாள். அசன் எழுந்து போய்த் தாவூதின் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, அதிலேயே கை வைத்தார்.

எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து அவன் பக்கம் பைய நகர்த்தினார்.

"கறிய நான் பிச்சுக்கிடுவேன். விடுங்க" என்றான் தாவூது.

அசன் கையை எடுத்துக்கொண்டார். தாவூது இடது கையால் எலும்பைப் பிடித்துப் பல்லால் கடித்து இழுத்தான். சோறு தரையெல்லாம் சிந்தியது. இரண்டு பேரும் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்கள்.