எழுத்து மட்டும் தெரிந்த தெலுங்கு

யுத்தம் முடிந்த மறு வருஷம் தியாகராய நகரில் எங்கள் அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினாறு வயது. கீர்த்தனைகளைப் புத்தகம் பார்த்துப் பாடுவதற்காகத் தெலுங்கு எழுத்துக் கற்றிருந்தேன். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் 'தெலுங்கு தெரியும்' என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

அங்கே செங்கல் சுமந்த சித்தாள்களில் ஒருத்தி நெல்லூர்ப் பக்கத்துக்காரி. ஒரு நாள் காலையில் வேலியோரம் வந்து ஒரு கார்டை நீட்டினாள்.

"ஊர்லேர்ந்து வந்துகீது. எங்காளுங்க யாருக்கும் பட்ச்சிக்கத் தெர்யாது. நீ கொஞ்சம் பட்ச்சு சொல்லும்மா."

பாட்டு வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல் இழுத்து இழுத்துப் படித்தேன். நடுவில் 'நாயன காலம் சேசாரு' என்று வந்தது. நாயனம் என்றால் ஏதோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே மேலே படித்தேன்.

"இன்னொரு தபா படிம்மா" என்றாள். என் வாசிப்புப் பிடித்துவிட்டது என்று இன்னும் குழைந்து படித்தேன். கடைசிவரை கேட்டாள்.

"நல்லா பட்ச்சே, கண்ணு."

கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய், சாயங்காலம்வரை கலவைச் சட்டி சுமந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. மேஸ்திரியைக் கேட்டேன்.

"அவ நைனா பூட்டாரும்மா. நீங்கதானே கார்டு பட்ச்சீங்க?"

தெலுங்கில் நாயன என்றால் அப்பா, காலம் செய்வது என்றால் இறந்துபோவது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவள் வந்ததும் ஓடிப்போய் நின்றேன். "தெரியாம சிரிச்சுண்டே படிச்சுட்டேன். அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"உன் மொகம் வாடிப்பூடும்னுதான். அர்த்தம் தெர்ஞ்சிருந்தா நீ பாதில நிறுத்திட்டு அய்திருப்பே. நைனா என்னெ கேட்டுகினே கெடந்தார்னு கடசீல ஒரு வரி கீது. அது எனக்குக் கெட்ச்சிருக்காது."

அப்பா செத்த சேதியைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் என் முகத்தைப் பற்றி யோசித்திருக்கிறாள். அப்படி ஒரு மனுஷியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து பதில் எழுதினோம். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் அர்த்தம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அம்மாவை இங்கே அனுப்பும்படிதான் கடிதம்.

தளம் போடுவதற்குள் அவள் அம்மா வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னவோ நெடுநேரம் சொன்னாள். பாதி புரிந்தது. மகள் கை கழுவிக்கொண்டு வந்து மீதியைச் சொன்னாள்.