முச்சந்தியில் கமலம் சொன்ன மறுப்பு

இல்லை, கமலம் நடுநிலையாளர் அல்லர். இந்த அஞ்சலியில் அப்படி எழுதினால் அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். புதுச்சேரி இந்தியாவோடு சேர வேண்டும் என்று தெருத்தெருவாகப் பேசியவர். கடைசிவரை அதிலிருந்து நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பி தவளக்குப்பத்திலிருந்து சைக்கிளில் எங்கள் பள்ளிக்கு வந்தார். “அக்கா காலைல தவறிட்டாங்க” என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

ஐம்பத்து நான்கில், பிரெஞ்சுக் கொடி இறங்கிய வாரம், எங்கள் ஆசிரியைகள் அறையின் சாப்பாட்டு மேசைகள் பிரிந்தன. இணைப்பு வேண்டும் என்றவர்கள் ஜன்னலோரம். வேண்டாம் என்றவர்கள் கதவோரம். அங்கே பிரெஞ்சு கற்பித்த தெரேஸ். கணக்கு டீச்சர் கமலம் சாப்பாட்டு டப்பாவோடு நடுவில் நின்றார்.

“மதாம், ஒங்க கட்சில ஊறுகா இருக்கா? எங்க கட்சில வெறும் தயிர்சோறு.”

“சொதந்தரம் வந்துச்சே, ஊறுகா வரலியா?” என்றார் தெரேஸ். ஆனால் ஊறுகாயை நகர்த்தினார். மணி அடிக்கும்வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

அதே மாதம் முச்சந்திக் கூட்டத்தில் கமலம் ஒரு தவறு செய்தார். தெரேஸின் கணவர் பழைய பிரெஞ்சுப் போலீசுக்கு இணைப்புத் தொண்டர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தார் என்று மேடையில் சொன்னார். மறுநாள் தெரேஸ் வீட்டு ஜன்னல்கள் உடைந்திருந்தன. அந்த மனிதர் போலீசுக்குப் போனது, காணாமல்போன சைக்கிளைப் பற்றி எழுதிக்கொடுக்க.

உண்மை தெரிந்ததும் கமலம் அதே முச்சந்தியில், அதே ஒலிபெருக்கியில், தான் சொன்னது பொய் என்றார்.

“மதாம் வூட்ல விருந்தா?” கூட்டத்தில் ஒருவர்.

“இன்னும் கூப்புடல.”

“அப்ப பட்டியல்னு ஒனக்கு யாரு சொன்னது?”

“பேசுனது என் வாய்தானே.”

அதன்பிறகு அவரைக் கட்சி மேடைக்கு அழைக்கவில்லை. தெரேஸ் மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினார், சண்டை போட.

வீட்டுக்குப் போய்த் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். “எங்க கத்துனமோ அங்கதான் திருப்பிக் கத்தணும். காதுல சொன்னா அது ரகசியம்” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அது கருணையா, தெரியவில்லை.

ஏனென்றால் அந்தப் பட்டியல் கதையை அவருக்குச் சொன்னது நான். ஆசிரியைகள் அறையில், சாப்பிடும்போது. தெரேஸின் கணவரைப் போலீஸ் வாசலில் பார்த்தது உண்மை. பட்டியல் நான் சேர்த்தது. அப்போதுதான் பட்டம் வாங்கி வந்திருந்தேன். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். கமலம் மறுத்துப் பேசிய அன்று கூட்டத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கத்திய இடத்தில்தான் திருப்பிக் கத்தணும் என்ற அந்த ஒரு பேச்சு. ஏழு ஆண்டுகள் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம், அதே ஆசிரியைகள் அறையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எழுந்து நின்று அந்தப் பட்டியல் என் கற்பனை என்று சொன்னேன்.

தெரேஸ் தலை நிமிரவில்லை. “கமலத்துக்குத் தெரியுமா, நீ கட்டுன கதைன்னு?”

“தெரியும்.”

தெரேஸ் டப்பாவை மூடி வெளியே போனார். நான் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.